டிஸ்க் வேறு, பெட்டி வேறு: 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' சேகரிப்புப் பதிப்புகளை வாங்கவும் பாதுகாக்கவும்

1939-ல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்ட இசைப்படமான 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்'-இன் முதல் வீடியோ கேசட் 1980-ல் வந்தது. அதற்குப் பிறகு லேசர்டிஸ்க், டிவிடி, ப்ளூரே, 3டி ப்ளூரே, 4கே என்று புதிய வடிவம் எது வந்தாலும் இந்தப் படமும் கூடவே வந்துவிடும். எல்லாப் பதிப்பையும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல படம் தரும் டிஸ்க் ஒன்று. அழகான பொருள்கள் நிறைந்த பெட்டி இன்னொன்று. இரண்டையும் ஒரே பதிப்பில் தேடினால்தான் காசு வீணாகும்.

எதை வாங்குவது

படத்துக்காக என்றால் 2019-ல் வந்த 4கே பதிப்புதான். இந்தப் படம் மூன்று பட்டை டெக்னிகலரில் எடுத்தது. கேமராவுக்குள் ஒளியைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதிவு செய்தார்கள். பல ஆண்டுகளில் அந்த மூன்று சுருள்களும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால்தான் பழைய பிரதிகளில் உருவங்களின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பிதுங்கித் தெரிகின்றன. 2005 டிவிடிக்காக, இந்தப் படத்தின் டிஸ்க்குகளை வெளியிடும் வார்னர் நிறுவனம் இந்த மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருத்தியது. 2019 பதிப்புக்கு மூல நெகட்டிவ்களையே 8கே-யில் ஸ்கேன் செய்தார்கள். ஆகவே 2005-க்கு முந்தைய டிவிடியைப் பார்ப்பதற்காக வாங்காதீர்கள்.

பெட்டிக்காக என்றால் 2009-ல் வந்த 70-ஆம் ஆண்டுப் பெட்டியும் 2013-ல் வந்த 75-ஆம் ஆண்டுப் பெட்டியும். முன்னதில் கைக்கடிகாரம், படப் புத்தகம், பழைய விளம்பர ஏட்டின் மறுபதிப்பு எல்லாம் உண்டு. பின்னதில் 3டி ப்ளூரேயும் உலோகப் பின்களும். இரண்டும் இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். அதனால் விற்பவரிடம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'கம்ப்ளீட்' என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கட்டக் கூடாது. பெரும்பாலும் காணாமல் போவது கடிகாரமும் பின்களும்தான்.

3டி டிஸ்க்கை மட்டும் தனியாக வாங்கும் முன் பார்க்க வழி இருக்கிறதா என்று யோசியுங்கள். 3டி டிவிகள் சந்தையிலிருந்து போய் வெகு நாள் ஆகிவிட்டது. பிஎஸ்5-ல் 3டி ப்ளூரே ஓடாது, பிஎஸ்4-ல் ஓடும். 3டி வசதியுள்ள புரொஜெக்டரும் அதற்கான கண்ணாடியும் இருந்தால்தான் பயன்.

எந்த நாட்டு டிஸ்க்

நம் குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு டிஸ்க் வருவது வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர் பெட்டியில்தான். டிஸ்க்கை உலகின் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓட்டலாம் என்று பூட்டும் குறிதான் மண்டலம் (ரீஜன்). அங்கே விற்கும் டிவிடி மண்டலம் 2. அமெரிக்க டிவிடி மண்டலம் 1. இந்தியா மண்டலம் 5. உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் ஏற்பதா என்று முதலில் பாருங்கள். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்தது அப்படியே பூட்டிவிடும்.

ப்ளூரேயில் இந்தியா மண்டலம் சி, அமெரிக்கா ஏ, வளைகுடாவும் ஐரோப்பாவும் பி. வார்னரின் ப்ளூரேக்களில் பெரும்பாலும் பூட்டு இருக்காது என்றாலும், உறையின் பின்பக்கம் இருக்கும் எழுத்தைப் பார்த்துவிடுங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். 4கே வாங்கச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

டிவிடிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் 102 நிமிடம். பால் (PAL) எனும் டிவி முறையில், அதாவது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள முறையில், அச்சிட்ட டிவிடியில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓட வேண்டிய படம் 25 ஆக ஓடும். 98 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் பாட்டுகள் கொஞ்சம் ஏறி ஒலிக்கும். பாட்டுக்காகவே பார்க்கும் படத்தில் அது பெரிய குறை. அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி-யில் (NTSC) அச்சிட்ட டிவிடியில் இந்தத் தொல்லை இல்லை.

பிளேயரையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்றால் பின்பக்க லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால், நம் 230-ல் சொருகிய கணமே புகைந்துவிடும்.

தபாலில் வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் உண்டு. டிஸ்க் விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்த தொகைக்கு வரி போடுவார்கள். பார்சலில் 'பரிசு' என்று எழுதினாலும் விலக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்சல் வரும்படி ஆர்டர் போடாதீர்கள். அப்படியே வர வேண்டியிருந்தால் டிஸ்க் பெட்டியை பிளாஸ்டிக் உறையில் ஒட்டி மூடிய பிறகே அட்டைப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

கைக்கு வந்ததும் சோதனை

பிரிப்பதை வீடியோ எடுங்கள். முதலில் பெட்டியை மெல்ல அசைத்துக் கேளுங்கள். உள்ளே டிஸ்க் உருளும் ஓசை வந்தால் நடுக் குமிழின் பற்கள் உடைந்திருக்கும். டிஸ்க்கில் வட்டக் கீறல் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டிஸ்க்கை எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். நடுக் குமிழை ஒரு விரலால் அழுத்தினால் தானே கிளம்பும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டைப் பசையால் ஒட்டியது. வளைத்து இழுத்தால் ஓரத்தில் ஒட்டு விடும், அந்த இடைவெளியில் ஈரம் போகும்.

அடிப்பக்கம் ஊதா அல்லது நீல நிறம் அடித்தால் அது வீட்டில் எரித்த டிவிடி-ஆர். அசல் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியோ லேசான பொன்னிறமோ இருக்கும். நடு ஓட்டையைச் சுற்றிய வளையத்தில் ஐஎஃப்பிஐ (IFPI) என்று தொடங்கும், டிஸ்க் அச்சிட்ட ஆலையைக் காட்டும் நுண்ணிய குறியீட்டையும் தேடுங்கள்.

பழைய டிவிடி வாங்குபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2006 முதல் 2008 வரை அச்சிட்ட வார்னர் டிவிடிகள் சில தாமாகவே கெட்டுப்போகின்றன என்பதை அந்த நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது. பார்வைக்குக் கீறல் இருக்காது. படம் நன்றாகத் தொடங்கும். நடுவில், பதிவின் முதல் அடுக்கு முடிந்து இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் உறையும். அதனால் முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல. நடுப்பகுதியிலிருந்து கடைசி வரை ஓட்டுங்கள், பிறகு கூடுதல் டிஸ்க்கில் ஒவ்வொரு அம்சத்தையும் திறந்து பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்.

டிவி அமைப்பு

பிளேயரில் 24 சட்டக வெளியீட்டை இயக்குங்கள். டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதியையும் இரைச்சல் குறைப்பையும் நிறுத்துங்கள், கூர்மையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் படத்தில் தெரியும் மணல்போன்ற துகள் பிலிமின் இயல்பு. அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும்.

படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. இன்றைய டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். அதைப் போக்க ஜூம் போட்டால் மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட கால் பங்குப் படம் வெட்டுப்படும்.

4கே டிஸ்க் போட்டும் நிறம் வெளிறிக் கிடந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பிளேயரைச் சொருகிய எச்டிஎம்ஐ வாசலுக்கு மட்டும், வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் எச்டிஆர் சிக்னலை ஏற்கும் அமைப்பை மெனுவில் தனியாக இயக்க வேண்டும். கேபிளும் நொடிக்கு 18 ஜிகாபிட் (18 ஜிபிபிஎஸ்) தாங்குவதாக இருக்க வேண்டும். எல்லாம் சரியா என்று பார்க்க நாயகியின் காலணியே போதும். மூலக் கதையில் அது வெள்ளிக் காலணி. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று படத்தில் மாணிக்கச் சிவப்பாக்கினார்கள். அதன் சமிக்கிகள் அடர்ந்த சிவப்பில் ஒவ்வொன்றாக மினுங்க வேண்டும். ஆரஞ்சாகத் தெரிந்தாலோ ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிந்தாலோ நிற அளவைக் குறையுங்கள்.

படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும், நாயகியின் ஊரான கான்சாஸ் காட்சிகள் பழுப்பு நிறத்தில்தான் வர வேண்டும். மறுவெளியீட்டுப் பிரதிகளில் அவை கறுப்பு வெள்ளையாகிப் போயின. 1989-ல் வந்த 50-ஆம் ஆண்டுக் கேசட்டில்தான் பழுப்பு திரும்பியது.

ஈரமும் உப்பும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். அது விட்டதும் ஐப்பசியில் வடகிழக்கு. குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் உப்பும் சேரும். சேகரிப்புக்கு இங்கே கீறலைவிடப் பெரிய பகை ஈரம்தான். அதில் முதலில் கெடுவது காகிதம், பிறகு உலோகம், கடைசியில்தான் டிஸ்க்.

ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள, காற்றுப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். அதில் 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வையுங்கள், கூடவே சிறிய ஈரமானி ஒன்றும். ஈரப்பதம் 45-க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி. 30-க்குக் கீழே போனால் அட்டை விறைத்து மடிப்பில் வெடிக்கும். கொஞ்சம் ஜெல்லை வெளியே எடுத்துவிடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு, அதனால் ஆரஞ்சு நிற ஜெல்லே மேல். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டினால் மறுபடி பயன்படும். சமைக்கும் பாத்திரத்தில் வாட்ட வேண்டாம். மழை மாதங்களில் மாதம் ஒருமுறை இது தேவைப்படும்.

பெட்டியை மூடும் நாளும் முக்கியம். அடைமழையில் மூடினால் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தை, மாசியில் வறண்ட நாளாகப் பார்த்து, புத்தகங்களையும் அட்டைகளையும் நிழலில் விரித்து ஆறவிட்டு அடுக்குங்கள்.

கான்கிரீட் பரணில் வைக்காதீர்கள், கோடையில் அங்கே வெந்துபோகும். மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். சாரல் அடிக்கும் சுவர் அது. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் போடும் வீடுகளில் ஆசிட் வைத்திருக்கும் அறை அறவே கூடாது. பார்மிக் ஆசிட் ஆவி உலோகப் பின்களையும் ஸ்டீல் உறைகளையும் அரித்துவிடும். அந்துருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். இராமபாணப் பூச்சிக்கும் சிதலுக்கும் காற்றுப் புகாத மூடியே காவல்.

வெளியட்டைக்கு பாலிப்ரொப்பிலீன் உறை போடுங்கள். பிவிசி உறை நாளாக ஆக வியர்த்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

2009 பெட்டி வாங்கியதும் முதல் வேலை, கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது. அது கசிந்தால் கடிகாரத்தோடு போகாது, கீழே இருக்கும் புத்தகத்தையும் கறைப்படுத்தும். கடிகாரத்தையும் பின்களையும் அமிலமில்லாத காகிதத்தில் சுற்றித் தனி ஜிப் பையில் வையுங்கள். டிஸ்க்குகளையும் பெட்டியிலிருந்து எடுத்து சாதாரண ப்ளூரே உறைகளுக்கு மாற்றிவிடுங்கள். 70-ஆம் ஆண்டுப் பெட்டியைப் படம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் திறந்து மூடினால் மூலைகள் ஓராண்டுகூடத் தாங்காது.

துடைப்பது

காய்ச்சி வடித்த நீர், மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே ஓடும், பிளேயரால் அதைத் தாண்ட முடியாது. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் நீக்கி எதுவும் ஆகாது. பற்பசை தேய்த்துக் கீறலைப் போக்கும் பழக்கம் டிவிடியோடு நிற்கட்டும். ப்ளூரேயிலும் 4கே-யிலும் பதிவு வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தேய்த்தால் அதன் காப்புப் பூச்சு போய்விடும். 4கே டிஸ்க் பாதியில் உறைந்தால் பெரும்பாலும் விரல் ரேகைதான் காரணம். துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பிளேயரை வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே சூடு ஏறினால் ஈரம் விலகும், லேசர் லென்ஸில் உப்புப் படலம் சீக்கிரம் படியாது.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு

அமெரிக்க கேசட்டை என்டிஎஸ்சி வசதி இல்லாத நம் ஊர் விசிஆரில் போட்டால் நிறமே வராது, அல்லது படம் உருளும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது பூஞ்சை, விசிஆரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் எல்லா கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு தனிப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் மென்தூரிகையால் தட்டுங்கள். நல்ல நிலையில் இருப்பதை முழுவதும் பின்னோக்கிச் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டால் நாடாவின் ஓரம் மடங்கும்.