புல்லட் சேஸ் பெண்டா? பெயிண்டுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட்டைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் எஞ்சினுக்கு இவ்வளவு, குரோமுக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதுவார்கள். சேஸ் என்று எழுதிய இடத்தில் பவுடர் கோட்டிங் செலவு மட்டும்தான் இருக்கும். சேஸ் நேராக இருக்கிறதா என்ற கேள்வி, எல்லாம் பூட்டி ரோட்டில் இறக்கி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றான பிறகுதான் வரும். அப்போது பெண்ட் எடுக்கப் போனால் முதலில் உரிவது புதுக் கோட்டிங்.

பழைய பெயிண்டை மணலடித்து உரிக்கும் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் அவசரமும் ஒரு தவறுதான். முன்பக்கம் இடி வாங்கிய வண்டியில் ஹெட்டுக்கு (ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்பும் முன் குழாய்) சற்றுக் கீழே, அங்கிருந்து எஞ்சினுக்கு இறங்கும் டவுன் டியூபைச் சுற்றிப் பழைய பெயிண்ட் மெல்லிய வளையமாக வெடித்து, அந்தக் கோட்டில் மட்டும் துரு ஏறியிருக்கும். மேல் டியூப் ஹெட்டோடு சேரும் இடத்திலும் இதே அடையாளம் வரும். மணல் அடித்தால் இது போய்விடும். அதனால் பெயிண்டோடு இருக்கும்போதே டார்ச் பிடித்துப் பார்த்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிங் முடிந்ததும் அதே இடங்களை விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னப் புடைப்பும் சுருக்கமும் விரலுக்குத் தெரியும். அங்கே பட்டி வைத்து வழித்துவிடப் பெயிண்டரை அனுமதிக்கவே கூடாது.

கிராஷ் கார்டு மாட்டிய வண்டிதானே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. கார்டு டவுன் டியூபைப் பிடித்து நிற்கிறது. பலமாக விழுந்தால் அந்த அடி நேராக டியூபுக்குத்தான் போகும்.

அதிகம் பேர் ஏமாறுவது பின்னால் குனிந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதில். கோடு தப்பினால் உடனே “சேஸ் போச்சு” என்று தீர்ப்பு. பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள். செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே பல்லில் நின்றாலும், தேய்ந்த அட்ஜஸ்டரில் ஆக்சில் கோணலாக உட்காரும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சேஸில் பூட்டப்படும் பிவட்டின் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை இரு பக்கமும் அளந்தால்தான் உண்மை தெரியும். ஸ்போக்ஸ் கட்டியவர் ரிம்மை ஹப்புக்கு நடுவில் நிறுத்தியிருப்பார். பிரேக் டிரம் ஒரு பக்கமாக இருக்கும் ஹப்பில் ரிம் நிற்க வேண்டியது வண்டியின் நடுக்கோட்டில், ஹப்பின் நடுவில் அல்ல. சாதாரணமாகக் கீழே விழுந்த வண்டியில் ஃபோர்க் பைப்புகள் அவற்றைப் பிடிக்கும் கீழ் டீக்குள்ளேயே திரும்பியிருக்கும். போல்டைத் தளர்த்தி, முன் சக்கரத்தை முட்டிக்கு நடுவே பிடித்து ஹேண்டிலைத் திருப்பினால் சரியாகிவிடும் விஷயம் அது.

கையை விட்டு ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆபத்து என்பதை விடுங்கள், அதில் பதிலும் கிடைக்காது. மழைநீர் வடிய நம் ரோடுகள் ஓரத்துக்குச் சரிந்திருக்கும். கையை விட்டால் நல்ல வண்டியும் இடது பக்கம்தான் போகும்.

நூல் பிடிப்பது நல்ல முறை. அதையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கால 350-ல் முன்னும் பின்னும் ஒரே அளவு டயர், 3.25-19. நூலை நேரடியாகப் பின் டயரில் ஒட்டிக் கொண்டுவந்தால் முன் டயரிலும் ஒட்டிக்கொள்ளும், எதையும் அளக்க முடியாது. 10 மி.மீ. தடிமனில் நாலு மரத்துண்டு வெட்டி, பின் டயரின் இரு பக்கமும் முன்விளிம்பில் ஒன்று, பின்விளிம்பில் ஒன்று என்று வையுங்கள். சைலென்ஸர், ஸ்டாண்டு எதிலும் உரசாத உயரத்தில் நைலான் நூலை இழுத்துக் கட்டி, முன் சக்கரத்தில் இடைவெளியை அளக்க வேண்டும். இடது 14, வலது 6 என்று இருந்து, முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் அதே அளவு வந்தால், சக்கரம் 4 மி.மீ. தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். ரிம் ஆஃப்செட்டை, அதாவது ஹப்பிலிருந்து ரிம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். நூல் சொல்லாதது இரண்டு உண்டு: ஹெட் பின்னுக்கு மடங்கியதும், ஹெட் முறுக்கியதும். இந்த இரண்டும்தான் உண்மையில் வண்டியைக் கெடுப்பவை.

அதைப் பிடிக்க வெற்றுச் சேஸ் வேண்டும். லேத்தில் இரண்டு புஷ் கடைந்து, ஹேண்டில் பேரிங்கின் கோன் கப் உட்காரும் துளைகளில் அடித்து, நீளமான நேர்க்கம்பி ஒன்றை ஹெட்டுக்குள் விடுங்கள். ஸ்விங் ஆர்ம் பிவட் துளையில் இன்னொரு கம்பி. பிவட் கம்பியை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்திவிட்டு, முன்னால் நின்று ஹெட் கம்பிக்கு நேரே தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கம்பி மேலே ஒரு பக்கமும் கீழே ஒரு பக்கமும் விலகினால் முறுக்கு. பிறகு ஹெட் கம்பியின் கீழ் முனையிலிருந்து பிவட் கம்பியின் இரு முனைக்கும் அளந்து பாருங்கள். சேஸ் நடுவிலிருந்து இரு முனையும் சம தூரம் நீட்டிக்கொண்டிருப்பது முக்கியம். டியூபின் மேற்பரப்பிலிருந்தோ வெல்டிங்கிலிருந்தோ அளக்காதீர்கள், அவை ஃபேக்டரியிலிருந்தே கோணல்மாணலாக வந்திருக்கலாம். கடைசல் பிடித்த துளைகளை மட்டும் நம்புங்கள்.

ஹெட் பின்னுக்கு மடங்கியதா என்பதற்கு நல்ல வண்டி ஒன்றை ஒப்பிடுவதே சுலபம். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வந்த சேஸ் இது, ஊருக்கு நாலு கிடைக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் தூரத்தை, இரண்டு வண்டியிலும் செயின் அட்ஜஸ்ட்மென்டைச் சமமாக வைத்து அளக்க வேண்டும். இதை மறந்து ஒரு அங்குலம் குறைகிறது என்று பதறுவார்கள்.

புல்லட்டுக்கே உரிய ஒரு விஷயம். இதன் சேஸுக்கு அடியில் டியூப் கிடையாது, டவுன் டியூபையும் பின்பகுதியையும் இணைப்பது எஞ்சினேதான். எஞ்சினை இறக்கினால் டவுன் டியூபின் கீழ் முனை கொஞ்சம் விரியும் அல்லது உள்ளே வரும். அதைப் பெண்ட் என்று எண்ணி ஜாக்கி கொடுத்துத் தள்ளுவது புதிதாக ஒரு பெண்ட் உண்டாக்கும் வேலை. எஞ்சினை இறக்கும்போதே கவனியுங்கள்: எந்த போல்டு கையால் வந்தது, எது சுத்தியல் கேட்டது. சுத்தியல் கேட்டால், மாற்றிப் போட்ட எஞ்சின் பிளேட்டா என்று பார்த்துவிட்டுச் சேஸைச் சந்தேகப்படலாம்.

பெண்ட் உறுதியானால் கேஸ் வைத்துச் சிவக்கச் சூடாக்கி வளைக்கும் பட்டறைக்குப் போகாதீர்கள். சூடு பட்ட இடம் பலம் இழக்கும், பித்தளைப் பற்று வைத்த மூட்டு அருகில் இருந்தால் அதுவும் இளகும். சேஸை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டிக் குளிராகவே இழுப்பவர் வேண்டும். சுருக்கம் விழுந்த டியூபை இழுத்து நிமிர்த்த முடியாது, அந்தத் துண்டை மாற்ற வேண்டும். பின்னால் மட்கார்டு பிடிக்கும் பகுதி கொஞ்சம் சாய்ந்திருந்தால் அது அழகு சம்பந்தப்பட்டது மட்டுமே. சக்கரம் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. தள்ளி நிற்பதற்கும் என்னைக் கேட்டால் சேஸைத் தொட வேண்டாம். முறுக்கையும் பின்னுக்கு மடங்கிய ஹெட்டையும் மட்டும் சும்மா விடாதீர்கள்.

“புதுப்பேட்டையில வேற சேஸ் வாங்கிப் போட்டுக்கலாம் ணே” என்று சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தையைக் காட்டிச் சொல்ல ஆள் இருக்கும். ஆர்.சி. புக்கில் இருப்பது உங்கள் சேஸின் நம்பர். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைத்தான் பென்சில் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். பிளாஸ்டிங்குக்கு முன் அந்த இடத்தில் கனமான டேப் ஒட்டுங்கள், கோட்டிங்கும் அங்கே தடிமனாக ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.