திடப்படுத்தல் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு: நான் செய்த தவறுகள்

போன மாதம் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் புதிதாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்க வந்திருக்கும் தம்பி தன் நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் அந்த விசுவாசத்தைத் தாங்களே சபைமுன் ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல், அதற்குத் தயாராக்கும் வகுப்பு இது. எட்டு வாரத்துக்கும் அழகாகப் பாடம் பிரித்திருந்தார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், திருவிருந்து, சபை ஒழுங்கு, கடைசி வாரம் ஒத்திகை. ஐந்தாம் வாரத்தில் ஓரமாக, பென்சிலில், 'ஞானஸ்நானம் - நேரம் இருந்தால்' என்று ஒரு வரி. என் பழைய நோட்டும் கிட்டத்தட்ட இப்படியேதான் இருந்தது. ஈரோட்டைச் சுற்றியுள்ள சபைகளில் 22 வருஷமாக இந்த வகுப்பை எடுத்துவருகிறேன். அந்தப் பென்சில் வரிக்கு நான் கொடுத்த விலை எனக்குத் தெரியும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேரத்துக்கு வராதது, வருகைப் பதிவு எழுதாதது, பிள்ளைகளை அதட்டுவது இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதத்தில் நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

ஒரே சொல், இரண்டு ஆள்

கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் நம் பிள்ளைகளின் சிநேகிதர்களில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருப்பார்கள், சொந்தத்திலேயே கலப்புக் கல்யாணம் நடந்திருக்கும். சொற்களைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் குழப்பம் வரும். நாம் ஆயர் என்றால் சபையின் போதகர். அவர்கள் ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தலைவர், அதாவது நம் பேராயருக்குச் சமமானவர். நாம் ஞானஸ்நானம் என்பதை அவர்கள் இப்போது திருமுழுக்கு என்கிறார்கள், நம் திருவிருந்தை நற்கருணை என்கிறார்கள். நம் திடப்படுத்தல் அங்கே உறுதிபூசுதல். அங்கே அது ஏழு அருளடையாளங்களில் ஒன்று, ஆயர் கிறிஸ்மா என்ற அர்ச்சித்த எண்ணெயை நெற்றியில் பூசுவார். நம்மிடம் ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும்தான் கிறிஸ்து நேரடியாக ஏற்படுத்திய சாக்கிரமெந்துகள் (அவர்கள் அருளடையாளம் என்பதை நாம் இப்படிச் சொல்கிறோம்), திடப்படுத்தல் அந்த வரிசையில் வராது.

பிள்ளைகள் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி, "அவங்க மட்டும் எப்படிச் சின்ன வயசுலயே நற்கருணை வாங்கறாங்க?" 1910-ல் திருத்தந்தை பத்தாம் பயஸ், விவரம் தெரிகிற ஏழு வயதளவில் பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று ஒழுங்கு செய்தார். அதனால் அங்கே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, முதலில், உறுதிபூசுதல் பிறகு. நம் சபைகளில் திடப்படுத்தலுக்கு அப்புறம் திருவிருந்து என்பது பழகிப்போன வரிசை. மலையாள ஆர்த்தடாக்ஸ் சபைப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் மூன்றாவது வரிசையும் வந்துவிடும். அவர்கள் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானத்தோடு மூரோன் என்ற பரிசுத்த தைலமும் பூசி நற்கருணையும் கொடுத்துவிடுகிறார்கள். ஆதிச்சபையில் இவை எல்லாம் ஒரே ஆராதனையில்தான் நடந்தன. சபைகள் பெருகப் பெருக, ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் பேராயர் நேரில் வர முடியவில்லை. கிழக்கே, பேராயர் ஜெபித்துக் கொடுத்த தைலத்தைக் குருவானவரே பூசலாம் என்று வைத்துக்கொண்டார்கள். மேற்கே, பேராயர் வருகிற வரைக்கும் கைவைத்து ஜெபிப்பதை, அதாவது திடப்படுத்தலை, ஒத்திவைத்தார்கள். அந்த இடைவெளிதான் இன்று நமக்கும் கத்தோலிக்கருக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நீண்டு நிற்கிறது. இதைச் சொன்னால் போதும், யார் சரி யார் தப்பு என்று பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள்.

தெளிப்பதா, முழுக்குவதா

தண்ணீரும் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமமும் இருந்தால் இரண்டும் ஞானஸ்நானமே. ஒரு வகுப்பு முழுவதையும் இதில் செலவழிக்காதீர்கள்.

ஞானஸ்நானத்தைத் தாண்டி ஓடுவது

இதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துவது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வினாவிடையில் எதைக் கேட்டாலும் நிற்காமல் சொல்வான். சாக்கிரமெந்து என்றால் என்ன, ஞானஸ்நானத்தில் காணப்படும் அடையாளம் எது, காணப்படாத கிருபை எது, எல்லாம் மூச்சு விடாமல் வரும். பேராயர் வந்து கேட்டபோது முதல் கையைத் தூக்கினவனும் அவன்தான், எனக்கு அவ்வளவு பெருமை. கல்லூரிக்குப் போன இரண்டாம் வருஷம் விடுதியில் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தான். அங்கே யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள்: "நீ கைக்குழந்தை, உனக்கு ஒண்ணும் தெரியாது, உன் விருப்பமும் கேட்கலை. அது எப்படி ஞானஸ்நானம் ஆகும்?" பதில் சொல்ல அவனிடம் எதுவுமில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சிநேகிதன் தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் இறங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் அம்மா வந்து பெஞ்சு ஓரத்தில் நின்றார். "டீச்சருங்க, அன்னைக்கு நான் பண்ணுனது பொய்யாங்க?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "நாலு வருஷம் பிள்ளையில்லாம இருந்து பொறந்தவனுங்க. ஆயர் கையில குடுக்கறப்ப எனக்குக் கை நடுங்குச்சுங்க. அது ஒண்ணுமே இல்லைன்னுட்டானுங்க."

நான் அவனைக் கூப்பிட்டு வசனமாக எடுத்து வைத்தேன். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றார்கள், அப்போஸ்தலர் 16 பார். 'ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்', எபேசியர் 4 பார். அவன் பதிலுக்கு நான்கு வசனம் எடுத்தான். இரண்டு மணி நேரம் பேசி எழுந்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பழக்கமே போய்விட்டது. அதுக்கு அப்புறம் அவன் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை.

எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை, அந்த ஜெபக் குழுவின் மேலும் இல்லை. தானாக விசுவாசித்து எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் மனதார நம்புவது, அவர்கள் பார்வையில் அது இரண்டாவது தடவையே கிடையாது. என் கோபமெல்லாம் அந்த எட்டு வாரத்தின் மேல்தான். அந்தக் கேள்வியை விடுதியில் யாரோ கேட்கும்வரை அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். "உனக்கு எப்போ ஞானஸ்நானம் கொடுத்தாங்க, யார் கொடுத்தாங்க, யார் உன்னைத் தூக்கிட்டு நின்னாங்க?" என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால், அவன் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டிருப்பான். அந்த நாலு வருஷக் கதை அவன் கையில் இருந்திருக்கும்.

குழந்தை ஞானஸ்நானத்தில் குழந்தை எதுவும் செய்வதில்லை என்பது உண்மைதான், அதை மறைக்கவே மறைக்காதீர்கள். நாம் ஒன்றும் செய்யாதபோதே தேவன் நம்மைத் தம்முடையவர்களாக்கிக்கொள்கிறார் என்பதுதான் அங்கே நடக்கும் காரியம். 'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன். நீ என்னுடையவன்' என்று ஏசாயா 43-ல் இருக்கிறதே, அதைத் தண்ணீரோடு சேர்த்துச் சொல்வது. சோதனை வரும்போது 'நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர். 'பெற்றேன்' என்று முடிந்துபோன காரியமாக இல்லை, 'பெற்றிருக்கிறேன்' என்று இன்றைக்கும் நிற்கிற காரியமாக. அந்த அழைப்புக்குப் பிள்ளை தன் வாயால் சொல்லும் பதில் திடப்படுத்தல் நாளில் வருகிறது. அன்றைக்குப் பெற்றோர் சொன்ன வாக்கை இன்றைக்கு நீயே உன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறாயா என்றுதான் ஆராதனையில் கேட்கிறார்கள். அழைத்தது யார், எப்போது அழைத்தார் என்றே தெரியாத பிள்ளை எதற்குப் பதில் சொல்லும்?

இன்னொன்று, நம் சொல்லையே கவனியுங்கள். திடப்படுத்தல். பிள்ளை உறுதிமொழி சொல்கிறது, சரி, ஆனால் திடப்படுத்துகிறவர் பிள்ளை இல்லை, பேராயரும் இல்லை, ஆவியானவர். சமாரியாவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல் பேதுருவும் யோவானும் கைவைத்து ஜெபித்த அப்போஸ்தலர் 8-ஐ நாம் வாசிப்பது இதற்காகத்தான். வகுப்பைப் பரீட்சை மாதிரி நடத்தினால் பிள்ளைகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: நன்றாகப் பதில் சொன்னேன், பாஸ் ஆனேன், அதனால் திருவிருந்து கொடுத்தார்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த பழைய லண்டன் மிஷன் வழிக் குடும்பங்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். சேலத்திலும் 1830 முதல் கோயம்புத்தூரிலும் ஊழியம் செய்த அந்த மிஷனில் பேராயரே கிடையாது. வளர்ந்தவர்களைச் சபையார் விசாரித்து, விசுவாசத்தைக் கேட்டு, பூரண அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்வார்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் முறையும் இந்த முறையும் மெதடிஸ்டு முறையும் ஒன்றாக வந்தன. விசாரிப்பு என்பது மட்டும் நம் பெரியவர்களிடம் அப்படியே தங்கிவிட்டது. நல்ல பழக்கம்தான், அதன் அடியில் ஞானஸ்நானம் இருந்தால்.

இப்போது நான் முதல் வகுப்பைப் பாடப் புத்தகத்தோடு தொடங்குவதே இல்லை. ஆயரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளை ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நிற்க வைத்து, ரிஜிஸ்டரைத் திறக்கிறேன். ஊதா மசியில் கட்டம் கட்டமாக இருக்கும்: பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெயர், தகப்பன், தாய், ஊர், தொழில், கொடுத்தவர் கையெழுத்து. ஒவ்வொருவரும் தன் வரியைத் தேட வேண்டும். வேறு சபையில் பெற்றவர்கள் அடுத்த வாரம் சான்றிதழோடு வருவார்கள். முதல் தடவை இதைச் செய்தபோது ஒரு பெண்பிள்ளை தன் வரியைக் கண்டுபிடித்துவிட்டு அப்படியே நின்றாள். பிறந்த நாளுக்கும் ஞானஸ்நான நாளுக்கும் மூன்றே நாள் வித்தியாசம். ஓரத்தில் 'அவசரம், ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் வந்து சொன்னாள்: "அம்மிச்சி சொன்னாங்க டீச்சர், நான் பொழைக்க மாட்டேன்னுட்டாங்களாம். ராத்திரி ஆயர் வர முடியலையாம். நர்சம்மாதான் எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி எடுத்து..." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. வகுப்பில் ஒருத்தரும் அசையவில்லை. உயிர் போகும் ஆபத்தில் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது முழு ஞானஸ்நானம், பிள்ளை பிழைத்தால் ஆலயத்துக்குக் கொண்டுவந்து சபையில் ஏற்றுக்கொள்வார்கள், மறுபடி கொடுப்பதில்லை என்று நான் சொன்னேன். ஞானஸ்நானம் யாருடைய செயல் என்று அதன் பிறகு அந்த வகுப்புக்கு நான் விளக்க வேண்டியே வரவில்லை.

மறு ஞானஸ்நானம் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் ஆயரை அழைத்துவாருங்கள். 1982-ல் பெரு நாட்டின் லீமா நகரில் பல சபைப் பிரிவுகளின் இறையியலாளர்கள் கூடி, ஞானஸ்நானம் திரும்பக் கொடுக்கக் கூடாத ஒன்று என்று எழுதிவைத்ததைச் சொல்லுங்கள். கல்யாணத்துக்காக நம் பெண் கத்தோலிக்க சபைக்குப் போனால்கூட நம் ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், மறுபடி கொடுப்பதில்லை. ஆனால் இதெல்லாம் இரண்டாவதுதான். முதலில் அவரவர் கதை.

ஞானப்பெற்றோரைச் சீர் வரிசையில் சேர்ப்பது

நம் பக்கத்தில் குழந்தைக்கு எது நடந்தாலும் தாய்மாமன் முன்னால் வர வேண்டும், காதுகுத்தானாலும் சரி. அதே கையோடு ஞானத்தகப்பனாகவும், அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக நின்று அதன் விசுவாச வளர்ப்புக்குப் பொறுப்பேற்பவராகவும், அவரையே போட்டுவிடுகிறார்கள். மாமன் ஜெபிக்கிற மனுஷனாக இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லையென்றால் சீரை மாமன் செய்யட்டும், ஞானத்தகப்பனாக வேறு ஒருவர் நிற்கட்டும் என்று பெற்றோரிடம் பேசுங்கள், ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே பேசுங்கள். திடப்படுத்தல் வகுப்பில் "உன் ஞானத்தாய் யார்?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிடம், அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லுங்கள்.

வெள்ளை உடை

திடப்படுத்தல் நாளில் போடும் உடையைப் பற்றி வகுப்பில் பேசாதீர்கள். அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த ஞாயிறு

முதல் திருவிருந்து எடுத்த அடுத்த வாரமும் வகுப்பை வையுங்கள். அந்த வாரம் வருகிற பிள்ளைகள்தான் உண்மையான கேள்விகளைக் கேட்பார்கள்.

ரிஜிஸ்டர்

பழைய பக்கங்களை நீங்களே புரட்டுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஓரமெல்லாம் உதிர்கிறது. கை ஈரமாக இருக்கக் கூடாது. அவரவர் வரியை மட்டும் காட்டுங்கள், அடுத்த வீட்டுக் கதை அடுத்த வீட்டுக்குத்தான். நேரம் ஒதுக்குங்கள், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷமாவது ஆகும்.