பழைய ரைஃபிளுக்கு புது பேரல் போடறதுக்கு முன்னாடி

அமெரிக்கால ரெமிங்டன் 700 மாதிரி ஒரு பழைய ஆக்‌ஷனை (தோட்டாவை ஏத்தி சுடற மெக்கானிசம்) வச்சுக்கிட்டு பேரல், அதாவது குழாய் மட்டும் புதுசா போடறவங்க எல்லாரும் எந்த கம்பெனி பெஸ்ட்னுதான் முதல்ல கேப்பாங்க, ஆனா அதுக்கு முன்னாடி உங்க கன்ஸ்மித்துக்கு (துப்பாக்கி வேலை பாக்கறவர்) எந்த பேரல்ல வேலை செஞ்சு பழக்கம்னு கேட்டுடுங்க, ஏன்னா எவ்வளவு காஸ்ட்லி பேரலா இருந்தாலும் தோட்டா உக்கார்ற சேம்பரை கோணலா வெட்டினா அவ்ளோதான்.

விஸ்கான்சின்ல இருக்கிற க்ரீகர், பார்ட்லைன் ரெண்டு பேரல் கம்பெனியும் கட் ரைஃப்ளிங், குண்டை சுழல வைக்கிற உள்பள்ளத்தை இழை இழையா சுரண்டி எடுப்பாங்க. டெக்சாஸ் ஷைலன், மொன்டானா லில்ஜா எல்லாம் பட்டன் முறை, கார்பைடு பட்டனை உள்ள விட்டு அழுத்தியே பள்ளம் போடறது, அதனால இதுல ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உலோகத்துக்குள்ள தங்கின இறுக்கத்தை எடுக்கறது) ஒழுங்கா பண்ணியிருக்கணும். எது ஒசத்திங்கற சண்டை இருக்கே, சுத்த வேஸ்ட், ரெண்டுலயும் மேட்ச் ஜெயிச்சவங்க இருக்காங்க.

ட்விஸ்ட் ரேட்ல (எத்தனை இஞ்சுக்கு பள்ளம் ஒரு சுத்து சுத்துதுங்கறது) மட்டும் கோட்டை விட்டுடாதீங்க. 223 காலிபர்ல 55 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) புல்லட்டுன்னா 12 இஞ்சுக்கு ஒரு சுத்து போதும், அதே 77 கிரெய்ன்னா நீளம் ஜாஸ்தி, 8 இஞ்சுக்கு ஒரு சுத்து வேணும், இல்லன்னா குண்டு நிலைதடுமாறி டார்கெட்ல பக்கவாட்டுல சாஞ்சு படும்.

ஆர்டர் பண்ணா மாசக்கணக்குல காத்திருக்க வேண்டி வரலாம், ஸ்டாக்ல என்ன இருக்குன்னும் கேட்டுப் பாருங்க.