ஒரு மணி நேரத்தில் தெரியாதவை: புதிய சுகாதார ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சமையற்கூடத்தையோ நீச்சல்குளத்தையோ விடுதியையோ ஆய்வு செய்யச் செல்லும் பொதுச் சுகாதார ஆய்வாளர் அங்கே செலவிடுவது பெரும்பாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். அந்த இடமோ ஆண்டு முழுவதும் இயங்குகிறது. தம் கண்ணெதிரே நடப்பது அந்த இயக்கத்தின் மிகச் சிறிய துண்டு என்பதும், அதுவும் தாம் வந்திருப்பது தெரிந்த பின் நடப்பது என்பதும் பணிக்குப் புதியவர்களுக்கு எளிதில் உறைப்பதில்லை. நீண்ட காலம் இப்பணியில் இருந்து, புதியவர்களைக் களத்துக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, பார்த்த அந்த ஒரு மணி நேரத்தையே முழு உண்மையாக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பிறக்கின்றன.

பணியில் சேர்வதற்கு முன்பே நேரும் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒத்திருப்பதால் சுற்றுச்சூழல் அறிவியலையும் சுற்றுச்சூழல் சுகாதாரத்தையும் ஒன்றெனக் கருதிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். முன்னது பெரும்பாலும் மனிதர் சூழலுக்குச் செய்வதை ஆராய்கிறது. பின்னது சூழல் மனிதர் உடலுக்குச் செய்வதை ஆராய்கிறது. நுண்ணுயிரியல், நோய்ப்பரவலியல், சட்டம், உணவு, குடிநீர், குடியிருப்பு, இரைச்சல், பூச்சிக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் பின்னதில் அடங்கும். பல நாடுகளில் இப்பணிக்குப் பதிவோ உரிமமோ தேவை; குறிப்பிட்ட சில படிப்புகளையும், மேற்பார்வையின்கீழ் முடித்த களப்பயிற்சியையும் மட்டுமே பதிவு அமைப்புகள் ஏற்கின்றன. கட்டணம் செலுத்துவதற்கு முன் அந்த ஏற்புப் பட்டியலைப் பார்க்காமல், பட்டம் பெற்ற பிறகு பார்ப்பது சில ஆண்டுகளை விழுங்கிவிடக்கூடிய தவறு.

எண்களை நம்பும் விதம்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒளிரும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்புவது புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். அந்த எண் உணர்வி பொருத்தப்பட்டுள்ள இடத்துக் காற்றின் வெப்பநிலையையே காட்டுகிறது, உள்ளே அடுக்கப்பட்ட உணவின் வெப்பநிலையை அல்ல. அகச்சிவப்பு வெப்பமானியும் மேற்பரப்பை மட்டுமே அளக்கும். உணவுக்குள் செருகி அளக்கும் வெப்பமானியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை செருகுவதற்கு முன்பும் அதன் முனையைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த கிண்ணத்தில் அது 0 டிகிரி காட்டுகிறதா என்று புறப்படும் முன் சரிபார்த்து, அந்தச் சரிபார்ப்பையும் எழுதி வைக்க வேண்டும். வழக்கு நீதிமன்றம் சென்றால் முதலில் கேள்விக்கு உள்ளாவது சமையற்கூடம் அல்ல, உங்கள் வெப்பமானிதான்.

பாடப்புத்தகத்தின் எண்ணைச் சட்டத்தின் எண்ணாகக் கொள்வதும் இதே வகையைச் சேர்ந்தது. சூடாக வைத்துப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அமெரிக்க மாதிரி உணவு விதித்தொகுப்பில் அது 57. இங்கிலாந்தின் விதிகளில் 63. 58 டிகிரியில் உள்ள ஒரு பாத்திரம் ஓரிடத்தில் விதிமீறல், மற்றோரிடத்தில் விதிக்கு உட்பட்டது. தாம் பணியாற்றும் எல்லைக்குரிய விதியைச் சொல்லுக்குச் சொல் படிக்காமல், பயிற்சி வகுப்பின் நினைவை வைத்து அறிவிப்பு எழுதினால் அது மேல்முறையீட்டில் நிற்காது.

இவற்றைவிடப் பெரிய பிழை, சரியாக அளந்த எண்ணையும் காலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது. முற்பகல் வேளையில் ஒரு பெரிய பாத்திரத்துச் சோறு 4 டிகிரியில் இருந்தால் புதியவர் நிறைவோடு அடுத்த வரிக்குச் செல்வார். அந்தச் சோறு 4 டிகிரியை எட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதல்லவா கேள்வி? பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைத்திருக்கும். உணவு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும்; அப்போது உருவாகும், வாந்தியை ஏற்படுத்தும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் அமெரிக்க விதித்தொகுப்பு, சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், 5 டிகிரிக்கு மொத்தம் 6 மணி நேரத்துக்குள்ளும் ஆறிவிட வேண்டும் என்று கூறுகிறது. ஆழமான பாத்திரத்தில் மூடி வைத்த உணவின் நடுப்பகுதி இரவின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருந்து, காலையில் எவ்விதத் தடயமும் இன்றிக் குளிர்ந்திருக்கும். ஆகவே வெப்பமானியோடு அளவுகோலையும் எடுத்துச் சென்று பாத்திரத்தின் ஆழத்தை அளப்பது வேடிக்கையான செயல் அல்ல.

பாத்திரம் சொல்லாததை மனிதரிடம்தான் கேட்டறிய வேண்டும். கேட்கும் விதத்திலும் தவறு நேர்கிறது. “உணவை முறையாகக் குளிர்விக்கிறீர்களா?” என்று கேட்டால் “ஆம்” என்ற விடையைத் தவிர வேறெதுவும் வராது. “நேற்று இரவு மீந்ததை எதில் எடுத்து வைத்தீர்கள், எப்போது உள்ளே வைத்தீர்கள், யார் வைத்தார்?” என்று கேட்டால் ஒரு செயல்முறை வெளிப்படும். இக்கேள்வியை உரிமையாளரிடம் மட்டும் கேட்பதும் போதாது. அவர் அறிந்தது நடக்க வேண்டிய முறை. பாத்திரம் கழுவுபவர் அறிந்தது நடக்கும் முறை.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழைகள்

குடிநீர் மாதிரி எடுக்கும்போது, ஆய்வகம் கொடுத்த புட்டியை அதே குழாய் நீரில் நன்றாக அலசிவிட்டு நிரப்புவது இயல்பான தூய்மை உணர்வால் நேரும் தவறு. நுண்ணுயிர்ச் சோதனைக்கான அந்தப் புட்டியில் சிறிதளவு சோடியம் தயோசல்பேட் இடப்பட்டிருக்கும். நீரில் உள்ள குளோரினை உடனே செயலிழக்கச் செய்வதே அதன் வேலை. புட்டியை அலசினால் அது வெளியேறிவிடும். ஆய்வகத்துக்குப் போகும் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைத் தொடரும். மாதிரி எடுத்த கணத்தில் உயிரோடு இருந்த பாக்டீரியங்கள் சோதனை மேசையை அடைவதற்குள் மடிந்திருக்கும். அறிக்கை “குறையில்லை” என்று வரும், தவறு நடந்தது யாருக்கும் தெரியாமலே போகும். மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, உறையவிடாமல், 24 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கும்படி சேர்ப்பிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: சோதனை மேசையில் காணப்படுவது குழாயில் இருந்ததாக இருக்க வேண்டும்.

டிபிடி என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துக் குளோரினை அளவிடும் சோதனையில் இன்னொரு பொறி உண்டு. நீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும், இல்லையெனில் நிறம் தோன்றாது என்றே எல்லாரும் கற்கிறோம். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் தோன்றிய நிறத்தை அதுவே வெளுத்துவிடும். நீச்சல்குளத்து நீர் நிறமற்று நிற்பதைப் பார்த்து “குளோரின் இல்லை, இன்னும் சேருங்கள்” என்று உத்தரவிடும் ஆய்வாளர், ஏற்கெனவே ஆபத்தான அளவில் உள்ள நீரை மேலும் கெடுக்கிறார். ஐயம் இருந்தால் குளோரின் இல்லாத நீரால் மாதிரியை நீர்த்து மீண்டும் சோதித்து, கிடைக்கும் அளவை நீர்த்த மடங்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். குடிநீரைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் கிருமிநீக்கத்துக்கான அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று இருப்பதை மட்டும் மனப்பாடம் செய்வோர், அதனுடன் உள்ள நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். அது குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பின்னும் மீந்திருக்க வேண்டிய அளவு. நீரின் காரகாடித்தன்மை எண் (pH) 8-க்குக் குறைவாக இருக்கும்போதுதான் அது பொருந்தும்.

கொசு ஒழிப்பில் கிடைக்கும் அவசரத் திருப்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். புழுக்கள் நெளியும் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு ஆய்வாளர் புறப்படுகிறார். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லாவிட்டால் அடுத்து நீர் நிரம்பும்போது கதை மறுபடியும் தொடங்கும்.

நோய் பரவும்போது

உணவால் பரவிய நோயை விசாரிக்கும்போது கடைசியாக உண்ட உணவின் மேல் பழி போடுவது மக்களின் இயல்பு. அதை அப்படியே எழுதிக்கொள்வது ஆய்வாளரின் தவறு. ஸ்டாபிலோகாக்கஸ் நச்சு சில மணி நேரத்திலேயே வாந்தியை உண்டாக்கும். சால்மொனெல்லா பெரும்பாலும் 6 முதல் 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும். ஹெபடைட்டிஸ் ஏ வெளிப்பட 15 முதல் 50 நாள்கள் வரை ஆகலாம். அறிகுறிகளையும், அவை தொடங்கிய நேரத்தையும் முதலில் கேட்டு, அதற்கேற்ற அளவுக்குப் பின்னோக்கிச் சென்று உணவு விவரங்களைச் சேகரிக்க வேண்டும்.

நோயுற்றவர்களை மட்டுமே சந்திப்பது அடுத்த பிழை. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தது பலரும் அறிந்த செய்தி. அத்தெருவின் பொதுக் குழாய் நீரே நோயைப் பரப்பியது என்ற அவருடைய வாதத்துக்கு வலுச்சேர்த்தவர்களில் நோய்க்கு ஆளாகாதவர்களும் இருந்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தத் தெருக் குழாய்க்கு அருகிலிருந்த பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தும் கடும் காலராவால் எவரும் பாதிக்கப்படவில்லை. அவர்கள் அந்தக் குழாய் நீரைக் குடிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் 535 பேரில் 5 பேரே காலராவால் இறந்தனர். விடுதிக்கென்று தனிக் கிணறு இருந்தது. ஒரே விருந்தில் உண்டும் நலமாக இருப்பவர்கள் எதை உண்ணவில்லை என்று கேட்காத விசாரணை பாதியிலேயே நிற்கிறது.

எழுத்தும் அறிவிப்பும்

“சமையற்கூடம் அசுத்தமாக இருந்தது” என்பது குறிப்பு அல்ல, கருத்து. “வெட்டுப்பலகையின் பிளவுகளில் கறுப்புப் படிவு இருந்தது, கை கழுவும் தொட்டியில் பாத்திரங்கள் குவிந்திருந்தன, சோப்பு இல்லை, நேரம் 10.40” என்பதுதான் குறிப்பு. அலுவலகம் திரும்பி மாலையில் நினைவிலிருந்து எழுதலாம் என்று நினைப்பவர், அன்று பார்த்த மூன்று இடங்களையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவார். இடத்திலேயே எழுத வேண்டும். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையொப்பமிட வேண்டும். புகைப்படம் எந்தத் திசையில், எந்தப் பொருளருகே எடுக்கப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். எடுத்த மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதில் ஓரிடம் விடுபட்டாலும் அதன் சான்று மதிப்பு போய்விடும்.

சட்டம் கட்டாயமாக்கியதையும், ஆய்வாளர் நல்லதென்று கருதுவதையும் ஒரே பட்டியலில் ஒரே தொனியில் எழுதித் தருவது மிகப் பரவலான தவறு. உரிமையாளர் எளிதானவற்றைச் செய்துவிட்டுக் கட்டாயமானவற்றை விட்டுவிடுவார். கேட்டால் பத்தில் எட்டைச் செய்துவிட்டதாகச் சொல்வார். எந்தப் பிரிவின்கீழ், எதை, எந்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், உடன்பாடில்லையெனில் எங்கே முறையிடலாம் என்பவை தனியே இருக்க வேண்டும். பரிந்துரைகள் வேறு தாளில் இருக்கட்டும். அன்பளிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: ஆய்வு செய்யும் இடத்தில் ஒரு குவளைத் தேநீரையும் ஏற்காதிருப்பது, பின்னாளில் விளக்கம் சொல்லும் தொல்லையிலிருந்து உங்களைக் காக்கும்.

தன் பாதுகாப்பில் காட்டும் அலட்சியம்

கழிவுநீர்த் தொட்டி, ஆள்நுழைவுக் குழி போன்றவற்றின் மூடியைத் திறந்து குனிந்து பார்ப்பது, நாற்றம் இல்லையென்றால் ஆபத்தில்லை என்று கருதுவது ஆகிய இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் தரும். பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் குறைவது அளவு கூடியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். உள்ளே மயங்கி விழுந்தவரை மீட்க இறங்கியவர்களும் அடுத்தடுத்து மடிந்த நிகழ்வுகள் திரும்பத் திரும்ப நேர்ந்திருக்கின்றன. வாயு அளவி, மூச்சுக் கருவி, மேலே துணையாள், இறங்குவதற்கான எழுத்து அனுமதி ஆகியவை இல்லாத இடத்தில், மேலதிகாரியே வற்புறுத்தினாலும் இறங்கக் கூடாது. ஹெபடைட்டிஸ், டெட்டனஸ் தடுப்பூசிகளைக் களத்துக்குச் செல்லும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

மறு ஆய்வு

கெடு முடிந்ததும், முதலில் சென்ற அதே கிழமையில், அதே நேரத்தில் சென்று, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் குறியிட்டுக் கோப்பை மூடிவிடுவது பலருடைய பழக்கம். அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதற்குள் அந்த இடம் கற்றுக்கொண்டிருக்கும். காலையில் பார்த்த சமையற்கூடத்துக்கு இம்முறை மூடும் நேரத்தில் செல்லுங்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது, அன்று மீந்தது எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு ஆழத்தில், எங்கே போய் அமர்கிறது என்பதை நின்று பாருங்கள்.