பலகாரப் பட்டறையில் கேஸ் அடுப்பு: குனிந்து மோந்து பாருங்கள்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில்தான் பலகாரம் போடுகிறோம். கல்யாண சீசன் வந்தால் தேன்குழல், மணகோலம், அதிரசம் என்று மூன்று அடுப்பும் எரியும். 19 கிலோ சிலிண்டர் இரண்டு. பற்றவைப்பது எப்படி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

முதலில் டியூப். ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி பின்னியது, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். பச்சை ரப்பர் டியூபை நான் பட்டறைக்குள் விடுவதே இல்லை.

அடுத்து, அடுப்புத் திருகுகளை மூடிவிட்டு சிலிண்டரைத் திறங்கள். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து ரெகுலேட்டர் மூட்டிலும் டியூபின் இரண்டு முனையிலும் தடவுங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம், சாமி!

நான் சறுக்கியது சிலிண்டரை வைத்த இடத்தில். வளவு முற்றத்தின் ஓரத்தில் வைத்திருந்தேன். மேலே வானம்தானே, கசிந்தாலும் போய்விடும் என்று நினைப்பு. ஒரு நாள் காலையில் முறுக்குச் சுற்றத் தரையில் உட்கார்ந்த ஆச்சி, "தம்பி, என்ன இது, அழுகின கோஸ் வாடை?" என்றார். நின்றுகொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்த பிறகுதான் மூக்கில் ஏறியது. சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். பள்ளமான முற்றத்தில் இறங்கி, மழைத்தண்ணீர் போகிற துவாரத்தைச் சுற்றித் தேங்கிக் கிடந்திருக்கிறது.

நல்லவேளை, அடுப்பு பற்றவைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைக்கக்கூட சுவிட்சைத் தொடவில்லை. அந்தப் பொறியே போதும். வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினேன். வெளியே வந்த பிறகுதான் கேஸ் கசிவு உதவி எண் 1906க்குப் போன்.

இப்போது சிலிண்டர்கள் பின்வாசல் பக்கம், சாக்கடையை விட்டுத் தள்ளி, நிமிர்த்தி நிற்கின்றன. சுவரில் தரையை ஒட்டியே காற்றுத் துவாரம் போட்டாயிற்று. இரவில் சிலிண்டர் வால்வைத்தான் முதலில் மூடுவேன். டியூபில் மிச்சமிருப்பது எரிந்து அணைந்ததும் அடுப்புத் திருகு.

பின்சேர்க்கை: குழாயில் இயற்கை எரிவாயு வருகிற ஊரில் கேன்டீன் வைத்திருப்பவர், இதெல்லாம் தனக்கும் பொருந்துமா என்று கேட்டார். சோப்புத் தண்ணீரும் சுவிட்சும் பொருந்தும், தரையை ஒட்டிய காற்றுத் துவாரம் பொருந்தாது. அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறிவிடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் பற்றும். அப்புறம், சிலிண்டர் அடுப்பை அப்படியே அதில் மாட்டக் கூடாது. அடுப்பில் கேஸ் வெளிவருகிற ஜெட் துளை வேறு அளவு, ஆள் வைத்து மாற்ற வேண்டும். கசிவு அலாரத்தை நான் தரைக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருக்கிறேன். அவர் கூரைக்கு ஒரு சாண் கீழே மாட்ட வேண்டும்.