லினக்ஸ் கணினிக்கு நேரக் கட்டுப்பாடு: எங்கே சறுக்குகிறோம்?

வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிறீர்களா? அப்படியென்றால் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். பிள்ளைகளின் கணக்கு, நிர்வாகி உரிமை தரும் சூடோ குழுவில் (சில லினக்ஸ் வகைகளில் வீல் குழு) இருக்கக் கூடாது. ஏதாவது நிறுவ வேண்டுமென்று அடிக்கடி கூப்பிடுகிறார்களே என்று அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால், நீங்கள் போட்ட தடையை அவர்களே எடுத்துவிடலாம்.

பலரும் அடுத்துப் போவது, குறித்த நேரத்தில் மட்டும் உள்நுழைய விடும் 'பேம் டைம்' பக்கம். அதன் டைம்.கான்ஃப் கோப்பில் விதியை எழுதினால் மட்டும் போதாது. உள்நுழைவைச் சரிபார்க்கும் பேம் அமைப்பின் 'அக்கவுண்ட்' பகுதியில் பேம் டைமை அழைக்கும் வரியும் வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோப்பை யாரும் படிக்கவே மாட்டார்கள். அந்த வரியை வரைகலை உள்நுழைவுக்கு மட்டும் சேர்த்தாலும் ஓட்டைதான்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் நுழைந்துவிடலாம்.

விதி எழுதும்போது நாட்குறியீட்டில் கவனம் தேவை. 'டபிள்யூ-கே' என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை. 'டபிள்யூ-டி' என்றால் சனி, ஞாயிறு. மாற்றிப் போட்டால் பள்ளி நாளில் திறந்தும் விடுமுறையில் பூட்டியும் கிடக்கும். பயனர் இடத்தில் நட்சத்திரக் குறி (எல்லோரும் என்று பொருள்) போட்டால் நீங்களும் வெளியேதான். சோதித்து முடிக்கும்வரை ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் ஒரு முனையத்தை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தைத் திறந்தே வைத்திருங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பேம் டைம் உள்ளே வருபவரைத்தான் நிறுத்தும், உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. எட்டு மணிவரை அனுமதி என்றால், ஏழு ஐம்பத்தைந்துக்கு நுழைந்தவர் நள்ளிரவு வரைகூட உட்கார்ந்திருக்கலாம். சரி, எட்டு மணிக்கு எல்லா நிரல்களையும் கொன்றுவிடும் கட்டளையை, குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரானில் போடலாமே என்றால், பாதி எழுதிய வீட்டுப்பாடமும் சேர்ந்தே போகும். பிள்ளைக்கு அது நியாயமே இல்லை. முன்கூட்டியே எச்சரித்து, அப்புறம் வெளியேற்றும் 'டைம்கீப்பர் நெக்ஸ்ட்' போன்ற கருவியே என் தேர்வு. நாளுக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பையும் அதில் வைக்கலாம். பேம் டைமால் அது முடியாது.

யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கினால் இந்த விதிகள் எதுவும் செல்லாது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸுக்குக் கடவுச்சொல் வைத்து, யூஎஸ்பி வழித் தொடக்கத்தை நிறுத்துங்கள். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் பட்டியலைத் திருத்தவும் கடவுச்சொல் கேட்கும்படி செய்யுங்கள்.