பழைய கைவாள் துண்டில் ஒரு சுரண்டுகட்டை

திருமங்கலத்தில் அம்மாச்சி வீட்டு ஜன்னல் கதவில் ஒரு சட்டத்தைச் செல் அரித்துவிட்டது. புதுத் தேக்கில் சட்டம் இழைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், பழைய சட்டங்களின் உள்விளிம்பில் சின்னதாக ஓர் உருட்டும் அதை ஒட்டி மெல்லிய பள்ளக் கோடும் ஓடுகின்றன. மரத்தில் விளிம்பு வடிவம் வெட்டும் ரவுட்டர் மெஷின் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கேட்டேன், ஒரே சட்டத்துக்காக அந்த அளவு பிட் (அதில் மாட்டும் வெட்டுமுனை) வாங்க முடியாது என்றார்கள். ஸ்கிராட்ச் ஸ்டாக் என்பார்களே, ஒரு கட்டையில் தகடு செருகி மரத்தில் வடிவத்தைச் சுரண்டியெடுக்கும் கைக்கருவி, அதைச் செய்துதான் வேலையை முடித்தேன். நான் அதைச் சுரண்டுகட்டை என்றே சொல்கிறேன்.

கட்டை எளிது. 15 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் வேங்கையோ பூவரசோ எடுத்து, கீழ்ப்பாதியில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து ‘ட’ மாதிரி ஒரு மூலை வரும்படி செய்யுங்கள். அந்த மூலையின் நிற்கிற முகம்தான் மர விளிம்பை ஒட்டி ஓடும் வேலி. தகடு நுழைய, கனத்தின் நடுவில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, இறுக்குவதற்கு மூன்று ஸ்க்ரூ. ஸ்க்ரூ முதல் பாதியில் தாராளமாகப் போய்வர வேண்டும், மறுபாதியில்தான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு இறுகாது.

தகட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் உடைந்த கைவாள் (மரம் அறுக்கும் கைரம்பம்) வாங்குங்கள், வேறெதையும் தேடவேண்டாம். வாளின் பல்லையே அரத்தால்தான் தீட்டுகிறார்கள், அதனால் அந்த இரும்பு அரத்துக்கு வசப்படும். தகட்டில் உருட்டுக்கான குழியை ராவ எலிவால் அரம் வேண்டாம், அது நுனியில் சிறுத்துப்போகும். செயின் ரம்பம் தீட்டுகிற உருட்டரம் முழு நீளத்துக்கும் ஒரே பருமன், 4.8 மி.மீ. அரம் எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. குழி வேலியை ஒட்டி, ஒரு மயிரிழை வேலிக்குள்ளேயே தொடங்கட்டும், இல்லாவிட்டால் விளிம்பில் படி விழும். குழி முடிகிற இடத்தில் பள்ளக் கோட்டுக்கு ஒரு மி.மீ. அகலத்தில் பல், அதற்கு அப்பால் உள்ள இரும்பை மரத்தில் தொடாதபடி ராவித் தள்ளிவிடுங்கள். அரத்தைத் தகட்டுக்கு நேர் செங்குத்தாகப் பிடித்து ராவி, இரண்டு முகத்தையும் எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பிசிறை எடுத்தால் போதும். சாய்வாகத் தீட்ட வேண்டியதில்லை, தள்ளினாலும் இழுத்தாலும் வெட்டும்.

சரி, இனிதான் நான் மாட்டிக்கொண்ட இடம். முதல் முயற்சியில் சட்டத்தின் ஒரு முனையில் வைத்து மறுமுனை வரை அழுத்தித் தள்ளினேன். மர ரேகை சாய்ந்து ஓடிய இடத்தில் பல் அதன் பின்னாலேயே போய்விட்டது, வேலி விளிம்பை விட்டு விலகி, கோடு இரண்டு மி.மீ. உள்ளே வளைந்துவிட்டது. அந்தச் சட்டத்தை மறுபடி இழைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது.

அதனால் முதலில் மார்க்கிங் கேஜால் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) பள்ளம் வரும் இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு போடுங்கள், பல்லுக்கு அது தடம். தள்ளுவதானால் தூரத்து முனையிலிருந்து தொடங்கி, பத்து செ.மீ. நீளத்துக்குச் சின்னச் சின்னதாக ஓட்டிக்கொண்டே உங்களை நோக்கிப் பின்னால் வாருங்கள். கட்டையை நகர்கிற பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தகடு பின்னால் இழுபட்டு வரும், மரத்தில் குத்தி நிற்காது. அழுத்தம் முழுக்க வேலியை விளிம்போடு சேர்ப்பதற்குத்தான், கீழே அழுத்தவே வேண்டாம். முதல் நாலைந்து ஓட்டத்தில் தூள் மட்டும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், தடம் ஆழமானதும் நூல்நூலாகச் சுருள் வரத் தொடங்கும். வேலியில் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். குழியின் அடி உருட்டின் தலையைத் தொட்டதும் வெட்டு தானாக நின்றுவிடும்.

அப்புறம் உப்புத்தாள் போடாதீர்கள், பள்ளத்தின் கூர்மை மழுங்கிவிடும். விழுந்த சுருளையே கைநிறைய அள்ளி உருட்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் மினுமினுப்பு வந்துவிடும்.

பின்சேர்க்கை: கைவாளுக்குப் பதில் ஹேக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்) பிளேடில் தகடு செய்யப் பார்த்தால் அரம் வழுக்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சாதாரண கார்பன் இரும்பு பிளேடானால் கேஸ் அடுப்பில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் இளகிவிடும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று அச்சடித்திருந்தால் விட்டுவிடுங்கள், வீட்டு அடுப்பில் அது இளகாது. இன்னொருவர் பேக்கிங் பெட்டிப் பைன் பலகையில் முயன்று பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது என்றார். அது கட்டையின் குற்றமில்லை, சுரண்டலுக்குக் கெட்டியான மரம் வேண்டும், ஒரு தேக்குத் துண்டில் போட்டுப் பாருங்கள்.